ஒப்பாரிக்காரர்களின் தெரு

தெருவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு நம்மவர்கள் சில காலமாக ஒரே ஒரு கவிதையைத்தான் எழுதி வருகிறார்கள். பல பேர், பல பெயர்களில். அதில் ஒரு திண்ணை இருக்கும். ஒரு வேப்பமரமோ புங்கமரமோ இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மணியடித்துக்கொண்டு ஐஸ் வண்டி வரும். குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கும். குடங்களின் சொந்தக்காரிகளைக் காணமுடியாது. கடைசி நாலு வரியில் திண்ணை இடிந்து, மரம் விழுந்து, அந்த இடத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியிருக்கும். கவிஞர் அதன் முன் நின்று எதையோ தேடுவார். பக்கத்தைத் திருப்பினால் அடுத்தவர் தேடிக்கொண்டிருப்பார்.

இதை நான் யோக்கியனாக நின்று சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் இந்த ஜாதிக் கவிதை ஒன்றை நானும் எழுதினேன். அச்சிலும் வந்தது. இரண்டு நண்பர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். என்னுடையதில் வேப்பமரத்துக்குப் பதில் தூங்குமூஞ்சி மரம், வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் கவிதையின் சோகம் எனக்கு உறுத்தவில்லை. சோகப்பட யாருக்கும் உரிமை உண்டு. எனக்கு உறுத்துவது, அந்தத் தெருவில் ஒருவரும் வேலை செய்வதில்லை என்பது. எதற்கும் விலை கிடையாது. ஐஸ்காரர் வருகிறார். ஐஸ் என்ன விலை, வண்டி அவருடையதா வாடகைக்கா, மழைக்காலத்தில் அவர் என்ன செய்தார், ஐம்பது பைசா பாக்கிக்கு யார் வீட்டு வாசலில் சண்டை போட்டார் – ஒன்றும் நமக்குத் தெரியாது. கவிஞரின் பால்யத்துக்கு மணியடிப்பதற்கென்று அமர்த்தப்பட்ட ஆள் அவர். மணி அடித்ததும் அவரை அனுப்பிவிடுகிறோம். அவர் எங்கே போனார் என்று கேட்காததைத்தான் 'நினைவு' என்று சொல்லிக்கொள்கிறோம்.

உதாரணத்துக்குத் தியாகராய நகரை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே அதை அன்றாடம், பெரும்பாலும் சலிப்போடு, பார்க்கிறவன். 'பழைய தி. நகர்' என்ற சரக்குக்கு நம்மிடையே எப்போதும் கிராக்கி உண்டு. அகலமான நிழற்சாலைகள், தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், பனகல் பார்க்கில் ரேடியோ. சரி. இந்தப் பழையதற்கு வயது என்ன? 1920களுக்கு முன் அந்த இடம் ஏரி. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். 1925இல் மறைந்த தியாகராயச் செட்டியாரின் பெயரை நகருக்கு வைத்தார்கள். அந்நாளில் முதலமைச்சராக இருந்த பனகல் ராஜாவின் பெயரை நடுவிலிருந்த பூங்காவுக்கு வைத்தார்கள். ஆக, நாம் பறிகொடுத்துவிட்டதாகப் புலம்புகிற அந்த ஆதித் தெரு, ஒரு நீர்நிலையைப் பறித்துப் போடப்பட்ட புறநகர் விஸ்தரிப்பு. ஏரி போனதற்கு யார் கவிதை எழுதினார்கள்? தண்ணீர்தான் 2015லும் 2021லும் வந்து தன் பழைய பாத்தியதையை நினைவூட்டிவிட்டுப் போயிற்று.

இதைச் சொல்வது தெருவின் மாற்றம் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவதற்காக அல்ல. ஒப்பாரிக்கும் ஒரு ஆரம்பத் தேதி இருக்கிறது, அந்தத் தேதி எப்போதும் ஒப்பாரி வைப்பவரின் எட்டாவது வயது என்பதைக் காட்டத்தான். உலகம் அவருடைய எட்டாவது வயதில் பூரணமாக இருந்தது. அதற்குப் பின் நடந்தது எல்லாம் சீரழிவு. இப்படி ஒரு சரித்திரப் பார்வையை வைத்துக்கொண்டு வார இதழில் பத்தி எழுதலாம். நவீனக் கவிதை எழுதுவதாகச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

இனி இன்றைய தெருவுக்கு வருகிறேன். பாண்டி பஜாரின் பலகைப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. சுயமரியாதை இயக்கத்து டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயர், ஜனங்கள் அதை நறுக்கித் தமக்கு வேண்டியதை வைத்துக்கொண்டார்கள். அதன் நடைபாதையில் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்து விற்றவர்களை 2013இல் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். 2019 நவம்பரில் அதே தியாகராய சாலையில், பொலிவுறு நகரத் திட்டத்தின் பகுதியாக, அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வழவழப்பான தரை, பெஞ்சுகள், குழந்தைகள் ஏறி விளையாட சில பொம்மைச் சாதனங்கள்.

அந்த நடைபாதையை நான் பழிக்கப் போவதில்லை. அதில் நடந்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மூட்டுவலிக்காரி என் அம்மா அந்தச் சாலையில் யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்தது அதற்குப் பின்தான். நடப்பதற்கு இடம் கேட்பது ஆடம்பரம் இல்லை. ஆனால் இம்மாதிரித் திட்டங்களுக்கு முன்கூட்டியே கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுகிற வண்ணப் படங்களை நண்பர்கள் ஒரு முறை உற்றுப் பார்க்க வேண்டும். மரங்கள் இருக்கும். பலூன் பிடித்த குழந்தை இருக்கும். பலூன் விற்கிறவன் இருக்கமாட்டான். தெருவில் எல்லாரும் உலாவிக்கொண்டிருப்பார்கள்; யாரும் உட்கார்ந்து கூவமாட்டார்கள்.

இந்தப் படத்தை எங்கே பார்த்திருக்கிறோம்? நம் கவிதையில்தான். திட்ட வரைவாளரும் நம் ஏக்கக் கவிஞரும் ஒருவரையொருவர் விரோதிகளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் போனதற்கு அழுகிறார், அவர் வரப்போவதற்குச் சிரிக்கிறார். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே தெரு: நிழல் உண்டு, உலாவல் உண்டு, பிழைப்பு இல்லை. பிழைக்கிறவர்களை முதலில் துடைத்தெறிவது புல்டோசர் என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் அதற்கு முன்பே நம் பேனா அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறது. பாட்டில் இல்லாதவனை நடைபாதையிலிருந்து எழுப்பினால் பாடகனுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இது தெரிய வந்தது வாசிப்பின் மூலம் அல்ல என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒரு விண்ணப்பப் படிவத்தின் மூலம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கென்று பிரதமர் ஸ்வநிதி என்ற கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், ஒரு வருஷத் தவணை. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 20,000 என்று இருந்தது. வட்டியில் 7 சதவீதம் அரசாங்க மானியம். அதுவரை எங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பார்த்திராதவர்கள் முகக்கவசத்தோடு வந்து நின்றார்கள். அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்றாயிற்று.

ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊக்கு, ஹேர்பின், ரப்பர் பேண்டு, கண்ணாடி வளையல் விற்கிறவர். சரக்கு பாரிமுனையில் மொத்தமாக எடுப்பது. வியாபாரம் செய்யும் இடம் எது என்று படிவத்தில் ஒரு கட்டம். "எந்த எடத்துல உக்காருறீங்கம்மா?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பக் கேட்டார்:

"எந்த நேரத்துக்குக் கேக்கற தம்பி?"

புரியவில்லை என்றேன். அவர் விளக்கினார். காலையில் அந்த இடம் பூக்காரியுடையது. பத்தரைக்குத் துணிக்கடை ஷட்டர் தூக்கியதும் பூக்காரி கோயில் பக்கம் போய்விடுவாள். இவர் வந்து உட்காருவார். மத்தியானம் வெயில் இந்தப் பக்கம் திரும்பும்போது எதிர்ச்சாரியில் ஒரு பெல்ட் கடைக்காரருடைய இடத்துக்கு மாறுவார். அவர் சாப்பிடப் போகிற நேரம். சாயங்காலம் மறுபடி பழைய இடம். எட்டரைக்கு மேல் அங்கே தோசை வண்டி நிற்கும். தோசைக்காரர் தண்ணீர்க் குடத்தைப் பகலெல்லாம் இவர் பார்த்துக்கொள்வதற்கு ஈடாக, இவருடைய மூட்டை ராத்திரி வண்டிக்கடியில் இருக்கும். பண்டிகைக்கு முந்தின வாரம் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. அப்போது வேறு கணக்கு, அதில் ஆண்டுதோறும் சண்டை. இவ்வளவும் ஆறடிக்கு நாலடி இடத்தைப் பற்றி. மாடிக் கட்டடத்தில் இடம் கிடைத்ததா என்று கேட்டதற்கு, "கெடச்சுது. ரெண்டு ரூபா ஊக்குக்கு எவ மாடி ஏறுவா?" என்றார்.

முதலீட்டுக்கு இதுவரை என்ன செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. தண்டல். கையில் கொடுப்பது 8,500; நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், இந்த வட்டி வருஷத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவருக்கும் அது தெரியும். "அவன் காலையில ஆறு மணிக்குக் குடுக்கறான். நீ எப்பக் குடுப்ப?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கட்டத்தில், அது இவ்வளவு சிறியதாக இருந்ததால், 'நடைபாதை, தி. நகர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி என் பழைய கவிதையை எடுத்துப் பார்த்தேன். அதில் நான் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதுதான். நடைபாதை, தி. நகர். கட்டம் சிறியது என்று சொல்லிக்கொள்ள அங்கே வழியில்லை. வெள்ளைத்தாள் முழுதும் என்னுடையது.

கவிதைக்கு இது தேவையா, இது சமூகவியல் ஆய்வாளரின் வேலை அல்லவா என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். 2014இல் பாராளுமன்றம் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. வறண்ட வக்கீல் பாஷை. அதில் 'இயற்கைச் சந்தை' என்று ஒரு பிரயோகம் வருகிறது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் மரபாகக் கூடி வந்திருக்கிற இடம் என்பது பொருள். 50 வருஷத்துக்கு மேல் நடந்து வரும் அப்படிப்பட்ட சந்தை பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது. நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். எழுப்புவதற்கு முன் 30 நாள் நோட்டீஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்தை நேரம் பிரித்துக்கொண்டு வியாபாரம் செய்வதற்கு முறை வகுக்க வேண்டும் என்று அதன் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. 'எந்த நேரத்துக்குக் கேக்கற' என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. இலக்கியத்துக்குத் தெரியவில்லை. அதற்கும் முன்பே 1989இல் உச்ச நீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வரும், குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் உட்காருவேன் என்பது மட்டும் உரிமையாகாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஒரு நல்ல நாவலுக்கு இதைவிட என்ன இடம் வேண்டும்?

சட்டம் ஏட்டில் இருக்கிறது, நடைமுறையில் லாரி வந்து தள்ளுவண்டியை ஏற்றிக்கொண்டு போகிறது என்பது எனக்கும் தெரியும். என் வாதம் சட்டம் காப்பாற்றும் என்பதல்ல. சட்டத்தை எழுதினவர்கள் தெருவைப் பார்த்திருக்கிறார்கள், அல்லது பார்த்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு சட்ட அட்டவணை நம் கவிதைகளைவிட நுட்பமான கவனிப்போடு இருப்பது நமக்கு அவமானம் இல்லையா என்பதுதான் கேள்வி.

நம் மரபு இப்படி இருந்ததில்லை. புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னையில் இறக்குவதற்கு முன் கந்தசாமிப் பிள்ளையைப் பிராட்வே-எஸ்பிளனேட் மூலையில் நிறுத்திக் கணக்குப் போட வைக்கிறார். டிராமுக்கு எவ்வளவு, நடந்தால் என்ன மிஞ்சும், அதில் வெற்றிலைக்குக் கட்டுமா, காப்பிக்குக் கட்டுமா. அந்தக் காலணாக் கணக்கு சரியாக இருப்பதால்தான் பின்னால் கடவுள் வந்து வழி கேட்கும்போது நாம் நம்புகிறோம். தியாகராய நகரிலேயே நெடுங்காலம் வசித்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஒரு தெரு இருக்கிறது. அதில் திண்ணையைப் பற்றிய விம்மல் இல்லை. கை பம்பு, வாளி, தோண்டிப் போட்ட சாலை, எங்கே தண்ணீர் வருகிறது என்ற வதந்தி, தூக்கி வருகிற கையின் வலி. அந்தத் தெரு அழகானது என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் 1970களில் சென்னையின் ஒரு தெருவில் எப்படி இருந்தார்கள் என்று இன்று ஒருவன் கேட்டால் கொடுப்பதற்கு நம்மிடம் அது இருக்கிறது. இன்றைய தெருவைப் பற்றி 50 வருஷம் கழித்து ஒருவன் கேட்டால் எதைக் கொடுப்போம்? தூங்குமூஞ்சி மரத்தையா?

இவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது கிண்டலையும் தனிமையையும் மட்டும். கணக்கை விட்டுவிட்டோம். நவீனத்துவம் என்றால் மேன்ஷன் மாடியில் நின்று கீழே பார்ப்பது என்று ஆகிவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் தலைகள்தாம் தெரியும். கையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. மாதம் முடிந்தால் சம்பளம் கணக்கில் ஏறிவிடுகிற நம் போன்றவர்களுக்கு விலை என்பது கொச்சையான விஷயம். அந்தக் கூச்சத்துக்குக் 'கவித்துவம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

எதிர்த் தரப்பு நண்பர்கள் இந்த இடத்தில் கை தட்டக்கூடும். வேண்டாம். உங்கள் கதைகளில் வரும் நடைபாதை வியாபாரியையும் எனக்குத் தெரியும். அவர் அதிகாலையில் எழுந்து, பசித்த குழந்தையைப் பார்த்து, போலீஸ்காரரிடம் அடி வாங்கி, கடைசிப் பத்தியில் வானத்தைப் பார்ப்பார். அவருக்கும் வியாபாரம் தெரியாது. பக்கத்து இடத்துக்காரியை ஏமாற்றமாட்டார், மாமூலில் பேரம் பேசமாட்டார், தன் இடத்தைப் பண்டிகைக்கு உள்வாடகைக்கு விடமாட்டார். அவர் உங்கள் அனுதாபத்துக்கு மணியடிக்க வந்த ஐஸ்காரர். எனக்கு ஊக்கு விற்ற அம்மா நாலு தடவை என்னை மடக்கினார். அவருடைய சாமர்த்தியத்தை எழுதாமல் துன்பத்தை மட்டும் எழுதுவது அவரை இன்னொரு தடவை எழுப்பி விடுவதுதான்.

நினைவுகூர்வது படைப்பாளியின் உரிமை என்பார்கள். சந்தேகமில்லை. ஆனால் நினைவுக்கும் ரசீது வேண்டும். உங்கள் திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதை அந்தத் திண்ணை அறிந்திருந்தது. உங்கள் கவிதை மறந்துவிட்டது. குழாயடியில் யாருடைய குடம் கடைசியில் நின்றது என்பதைத் தெரு அறிந்திருந்தது. இந்தத் தகவல்களைக் கழித்துவிட்டால் மிஞ்சும் அழகு, கழித்ததனால் வந்த அழகு.

அந்த அம்மா முதல் கடனைக் கட்டி முடித்து இரண்டாவதற்கு வந்தார். அதையும் கட்டி முடித்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் ஆளைக் காணவில்லை. இதற்குள் 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி. நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்தாயிற்று. சுமார் 570 மீட்டர் நீளம். இத்தனை கால் தலைக்கு மேலே போய்விட்டால் கீழே விற்கிறவர்கள் கதி என்ன என்று நான் மனசுக்குள் ஒரு கட்டுரையின் முதல் பத்தியைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதுவும் ஒப்பாரிதான், நடை மட்டும் கொஞ்சம் இறுக்கம். அப்போது ஒரு நாள் ஏதோ பாஸ்புக் வேலையாக வந்தார். இப்போது எங்கே உட்காருகிறீர்கள் என்றேன்.

"படி எறங்கற எடத்துல. மேல போறவன் எங்கியாச்சும் எறங்கித்தான ஆவணும்?"

காலையில் எந்தப் படியில் ஜனம் ஏறும், சாயங்காலம் எந்தப் படியில் இறங்கும், மழை நாளில் எல்லாரும் எங்கே ஒதுங்கி நிற்பார்கள், அந்த இடத்துக்குக் காலையில் யார் சொந்தம் என்று ஐந்து நிமிஷம் சொன்னார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. இந்தத் தடவை ஒரு பழைய செலான் கட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. அது கவிதை இல்லை. ஆனால் அதில் மணி இருக்கிறது, விலை இருக்கிறது, யாரோடு தகராறு என்பது இருக்கிறது.

நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை தெருவைப் பற்றி எழுதி அனுப்பும்போது, அதில் ஏதாவது ஒன்றின் விலையைச் சொல்லுங்கள். எத்தனை மணி என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் அதற்கு முந்தின மணி நேரம் யார் இருந்தார்கள் என்று கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். இவ்வளவும் இருந்து கவிதை மோசமாக இருந்தாலும் பரவாயில்லை; நான் படித்துப் பதில் போடுகிறேன். வேப்பமரம் மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பத் தபால்தலை வைத்துவிடுங்கள்.